ஹெலி எஞ்சின் சூடாகிறது: மெட்டல் ஃபேன் வாங்கலாமா?

நீலவானம்:
வணக்கம். என்னிடம் இருப்பது 50 அளவு நைட்ரோ ஹெலி (நைட்ரோ எரிபொருளில் ஓடும் ரிமோட் மாடல் ஹெலிகாப்டர்). ஹோவரில் (ஒரே இடத்தில் மிதக்கும்போது) முதலில் நன்றாக நிற்கிறது. நாலைந்து நிமிடத்தில் எஞ்சின் சூடேறி இழுவை குறைகிறது. டேங்கில் ஃப்யூயல் நுரைக்கிறது, வால் துடுப்பும் லேசாக நடுங்குகிறது. இருப்பது பிளாஸ்டிக் கூலிங் ஃபேன். மெட்டல் ஃபேன் போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். வாங்கலாமா?

திருகாணி:
வாங்குவது இருக்கட்டும் நண்பரே, முதலில் அந்த நுரையைக் கவனியுங்கள். விமானத்தில் ப்ரொப்பெல்லர் காற்றே எஞ்சினைக் குளிர்விக்கும். ஹெலி எஞ்சினுக்கு ஹோவரில் ஃபேன் தள்ளும் காற்றை விட்டால் வேறு கதி இல்லை. ஆனால் அதே ஃபேன் கோணலாகச் சுற்றினால் ஹெலி நடுங்கும், ஃப்யூயல் நுரைக்கும், குமிழி கார்புரேட்டருக்குள் போய்க் கலவை லீன் ஆகும் (எரிபொருள் குறைந்து காற்று கூடும்). லீன் ஆனால் சூடுதான். காற்று போதாமல் சூடாகிறது என்று இப்போதே முடிவுகட்டாதீர்கள்.

க்ளோ ப்ளக்கை (எஞ்சினைப் பற்றவைக்கும் ப்ளக்) கழற்றிவிட்டு, டயல் கேஜின் (நுண்ணிய ஆட்டத்தை முள்ளால் காட்டும் அளவுகருவி) முனையை ஃபேன் ஹப்பின் (ஃபேனைத் தாங்கும் நடுப்பகுதி) கடைந்த பரப்பில் வைத்து கையால் மெல்லச் சுற்றுங்கள். முள் 0.05 மி.மீ.க்குள் ஆடினால் நல்லது. 0.1-ஐத் தாண்டினால் ஹப்பைக் கழற்றி, ஷாஃப்ட்டையும் கூம்பு வாஷரையும் நன்றாகத் துடைத்து, வாஷரைக் கால் சுற்று திருப்பிப் போட்டு மறுபடி அளவெடுங்கள். இறுக்கும்போது ஃபேன் இறக்கைக்குள் ஸ்க்ரூடிரைவரை மட்டும் செருகிவிடாதீர்கள்; கிராங்க் லாக் (எஞ்சின் ஷாஃப்ட் சுற்றாமல் பிடிக்கும் கருவி) வைத்துத்தான் இறுக்க வேண்டும்.

பழையரோட்டர்:
ஃபேன் இறக்கையின் அடியில் வெள்ளைக் கோடு, அதாவது விரிசலின் அறிகுறி, தெரிகிறதா? தெரிந்தால் அந்த ஃபேன் வேண்டவே வேண்டாம். ரோட்டர் நிமிடத்துக்கு 1,900 சுற்று, கியர் விகிதம் 8.5 என்றால் எஞ்சின் நிமிடத்துக்கு 16,000 சுற்றுக்கு மேல் ஓடுகிறது. அந்த வேகத்தில் உடைந்து பறந்தால் ஆபத்து.

மெட்டல் ஃபேன் நெளியாது, நேராகப் பொருத்துவதும் சுலபம். எடை கூடுவதால் எஞ்சின் வேகமெடுக்கக் கொஞ்சம் தாமதிக்கும், அவ்வளவுதான். மெட்டல் என்பதற்காகக் காற்று அதிகம் வராது; அது இறக்கையின் வடிவத்தைப் பொறுத்தது. அப்புறம், உங்கள் ஷ்ரௌடுக்குள் (ஃபேன் காற்றை எஞ்சினுக்குச் செலுத்தும் உறை) உரசாமல் அடங்குகிறதா, சுழலும் திசைக்கு ஏற்ற இறக்கையா என்று பார்த்து வாங்குங்கள்.

நீலவானம்:
வெள்ளைக் கோடு இல்லை. ஆனால் ஹப் 0.12 ஆடியது! துடைத்துத் திருப்பிப் போட்டதும் 0.04-க்கு வந்துவிட்டது. நுரை நின்றது. சூடும் குறைந்திருக்கிறது, ஆனால் நினைத்த அளவுக்கு இல்லை.

திருகாணி:
அருமை! இனி ஷ்ரௌடைப் பாருங்கள். எஞ்சின் தலைக்கும் அதற்கும் நடுவே இடைவெளி இருந்தால் காற்று எஞ்சின் தலையின் குளிர்விக்கும் ஃபின்களுக்குள் நுழையாமல் பக்கவாட்டில் ஓடிவிடும். அதை அடைத்துவிட்டுப் பறந்து, இறக்கியதும் எஞ்சினின் பின்தகட்டில் விரலை வையுங்கள். ஓரிரு நொடி தாங்க முடிந்தால் சரி, தொட்டதுமே சுட்டால் கார்புரேட்டர் ஊசியைக் கொஞ்சம் ரிச் பக்கம் (எரிபொருள் கூடும் பக்கம்) திறங்கள். கிளட்சை மாட்டிய பிறகு அதன் ஆட்டத்தையும் டயல் கேஜில் பார்த்துவிடுங்கள். ஹப் நேராக இருந்தும் கிளட்ச் கோணலாக உட்கார்ந்தால் பழைய நடுக்கம் திரும்பிவிடும்.