ஐஸ்லாந்தில் குறைந்த செலவில் புகைப்படப் பயணம்: காற்றுக்கென்று ஒரு நாள் ஒதுக்குங்கள்

ஐஸ்லாந்தை வளைத்து ஓடும் ஒன்றாம் எண் சாலை ஏறத்தாழ 1,320 கிலோமீட்டர். ஒரே வாரத்தில் சுற்றிவிடலாமா என்று இங்கே பலர் கேட்டிருக்கிறீர்கள். சுற்றலாம். ஆனால் படம் எடுக்கப் போகிறவர்கள் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நாங்கள் தென்கரையோடு நின்றுகொண்டோம். ரெய்க்யவிக்கிலிருந்து யோகுல்சார்லோன் பனிப்பாறை ஏரி வரை சுமார் 370 கிலோமீட்டர். அதே வழியில் திரும்பினோம். பெட்ரோல் செலவு குறைந்தது. அதைவிடப் பெரிய லாபம், காற்று அடங்கும்வரை ஓரிடத்தில் காத்திருக்க முடிந்தது.

அந்நாட்டு வானிலை அறிவிப்பில் காற்றின் வேகத்தை விநாடிக்கு இத்தனை மீட்டர் என்றுதான் போடுவார்கள். 20 என்று பார்த்தால் நமக்குப் பெரிதாகத் தோன்றாது. மணிக்கு 72 கிலோமீட்டர் அது! படுக்கை வசதியுள்ள உயரமான வேனில் அந்தக் காற்றில் கிளம்பவே கூடாது. அப்படிக் காத்திருக்க ஒரு நாளைத் திட்டத்திலேயே வெறுமையாக விட்டுவைத்தால் பதற்றம் இல்லை.

வீக் ஊரின் பெட்ரோல் நிலையத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். வண்டியை நிறுத்தியதுதான் தாமதம், உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் விரைந்து வந்து, நாங்கள் திறப்பதற்குள் கதவை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். காற்று பின்னாலிருந்து அடித்துக்கொண்டிருந்தது. வண்டியின் முகம் காற்றைப் பார்க்கும்படி திருப்பி நிறுத்தச் சொன்னார். அப்படி நிறுத்தினால் காற்றே கதவைச் சாத்தப் பார்க்கும்; பின்காற்று என்றால் கதவைப் பிடுங்கிக் கீலோடு முன்பக்கம் மடக்கிவிடும். வாடகை வண்டியின் சாதாரணக் காப்பீடு இந்தச் சேதத்தைப் பெரும்பாலும் ஏற்காது என்பதால், பட்ஜெட் போடுகிறவர்கள் காப்பீட்டு விதிகளை வரிவரியாகப் படியுங்கள்.

காற்றில் கேமரா முக்காலியின் நடுத்தண்டை உயர்த்த வேண்டாம். கால்களை நன்றாக அகற்றி வையுங்கள். பையை முக்காலியின் கொக்கியில் மாட்டினால் அதன் அடிப்பாகம் தரையைத் தொட வேண்டும். அந்தரத்தில் தொங்கும் பை ஊசலாடி முக்காலியையே ஆட்டிவிடும். மாற்று பேட்டரிகள் சட்டையின் உள்பையில், உடம்புச் சூட்டில் இருக்கட்டும். ஸ்கோகாஃபோஸ் அருவியில் சாரல் லென்ஸை விடாது. துடைக்க உலர்ந்த துணிகள் நிறைய வேண்டும்.

சாப்பாட்டுக்கு போனுஸ் என்ற மலிவு விலை மளிகைக் கடையும் சிறிய அடுப்பும் போதும். குழாய்த் தண்ணீர் அருமையாக இருக்கும், பாட்டில் வாங்காதீர்கள். வேனில் உறங்குவதென்றால் முகாம் இடங்களில்தான்.

*

மேலே எழுதியவர் வீக் வரை போயிருப்பதால் பக்கத்திலுள்ள ரெய்னிஸ்ஃப்யாரா கருமணல் கடற்கரையைப் பற்றியும் சேர்த்துவிடுகிறேன். அங்கே எச்சரிக்கை விளக்கு வைத்திருக்கிறார்கள். நாங்கள் போனபோது மஞ்சள் எரிந்தது. முக்காலியைத் தாழ வைத்து நுரையைப் படமெடுத்துக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர், அலைகள் சிறிதாக இருக்கின்றனவே என்று இன்னும் இறங்கினார். அடுத்த அலை அவர் இடுப்பு வரை ஏறியது. இரண்டு பேர் கையைப் பிடித்து இழுத்தார்கள். கேமராப் பை போய்விட்டது. அந்தக் கரையில் உயிரிழந்தவர்களும் உண்டு. ஆகவே தூரத்திலிருந்தே பெரிதாகப் படமெடுக்க உதவும் நீண்ட குவியத் தூர லென்ஸ் ஒன்றை வாடகைக்காவது எடுத்துச் செல்லுங்கள். கடலுக்கு முதுகைக் காட்டாமல், மேட்டிலேயே நின்று எடுங்கள்.