மேல் டிவிஷன் சபைக் குடும்பம் (இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்து கிறிஸ்தவ சபை குரூப்): கோயிலுக்குப் பூட்டு போட்ட பிறகு

*வியாழன்*

செயலாளர் மாமா, மாலை 6:12
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். என்.பி.ஆர்.ஓ. (மண்சரிவு பாக்குற அரசாங்க நிறுவனம்) ஆளுங்க இன்னைக்கு திரும்ப வந்து பாத்தாங்க. டித்வா புயல் மழையில வெடிச்ச கோயில் பின்சுவரு இன்னும் கொஞ்சம் எறங்கியிருக்காம். உள்ள கூட்டம் வைக்கவே கூடாதுன்னு சொல்லிட்டாங்க. கதவுல நோட்டீஸ் ஒட்டியாச்சு.

📷 படம்

பெரியம்மா (மூணாம் நம்பர் லயம், தோட்டத்து வரிசை வீடு), மாலை 6:20
🎤 குரல் பதிவு 1:07

டீச்சர் அக்கா, மாலை 6:31
வாய்ஸ் கேக்க ஏலாதவங்களுக்கு: பெரியம்மா அழுறாங்க. அவங்க கல்யாணம், புள்ளைங்க ஞானஸ்நானம், பெரியப்பா அடக்க ஆராதனை எல்லாம் அங்கதானாம். "இனி எங்க போயி முழங்கால் போடுறது"ன்னு கேக்குறாங்க.

கட்டார் அண்ணன், மாலை 6:40
திருப்பணிக்குன்னு நாங்க அனுப்புன காசு இருக்குதானே? பக்கத்துலயே ஒரு ஷெட்டாவது போடுங்க. கட்டடம் இல்லாத சபைய யாரு மதிப்பா?

செயலாளர் மாமா, மாலை 6:44
தம்பி, எடம் அரசாங்கத்தோடது, குத்தகை கம்பனிக்கு. தகரம் ஒண்ணு அடிக்கணும்னாலும் லெட்டர் வேணும். மேடு பூராவும் மண்சரிவு அபாயம்னு சிவப்புக் கோடு வேற. அவசரப்பட ஏலாது.

கொழும்புத் தம்பி, மாலை 6:52
வீடியோ கோல்ல வைப்போமே. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்கு அடுத்த ஞாயிறு கோயிலெல்லாம் பூட்டியிருந்தப்ப கர்தினால் டிவிலதான் பூசை வச்சாரு. கொரோனா நேரம் நாமளும் செஞ்சோம்தானே.

டீச்சர் அக்கா, மாலை 6:55
புறக்கோட்டையில கடையில நிக்கிற உனக்கு அது சரி தம்பி. பெரியம்மாகிட்ட இருக்கிறது பட்டன் போன். அந்த வாய்ஸும் பேத்தி போன்ல எடுத்தது.

பெரியம்மாவின் பேத்தி, மாலை 6:56
டேட்டாவும் என்னோடதுதான் 😒

டீச்சர் அக்கா, மாலை 7:10
கோவிச்சுக்காதீங்க, ஒண்ணு கேக்குறேன். கதவு தொறந்திருந்தப்ப மட்டும் எத்தன பேர் வந்தாங்க? ஞாயித்துக்கிழமைன்னா கைக்காசு கொழுந்து, சம்பளம் போக தனியா காசு வர்ற பறிப்பு. ஒம்பது மணி ஆராதனைய நம்பி அந்தக் காச விடச் சொல்ல நமக்கு வாய் வருமா? வந்ததெல்லாம் பென்ஷன் எடுத்தவங்களும் ஸ்டாப் வீட்டு ஆளுங்களும்தான். மலைக்குப் போற பொம்பளைங்க கோயிலுக்குள்ள வந்தது கிறிஸ்மஸுக்கும் யாராவது செத்தா அடக்கத்துக்கும். என்.பி.ஆர்.ஓ. வந்து பூட்டுறதுக்கு முன்னமே அவங்களுக்கு அது பூட்டுனதுதான்.

செயலாளர் மாமா, மாலை 7:13
அப்படிச் சொல்லாதீங்க டீச்சர். வெள்ளைக்காரன் காலத்துலருந்து ஒம்பது மணிதான்.

உபதேசியார் தாத்தா, மாலை 7:25
ஒம்பது மணின்னு வேதத்துல எங்கயும் இல்ல மகன். ஃபாதர் வர்ற பஸ்ஸு அந்த நேரந்தான் வருது, அவ்வளவுதான் வெசயம்.

கொழும்புத் தம்பி, மாலை 7:26
😂😂😂

உபதேசியார் தாத்தா, மாலை 7:41
சிரிக்காம கேளு. 1854ல கோப்பித் தோட்டங்களுக்குன்னு மிஷன் தொடங்குனப்ப திருநெல்வேலிப் பக்கத்துலருந்து உபதேசியாருங்களத்தான் கொண்டாந்தாங்க. அந்த மிஷனுக்கு 'தமிழ் கூலி மிஷன்'னுதான் பேரு, சொல்லவே நாக்கு கூசுது. அவங்க கோயில் கட்டிட்டா வேலைய தொடங்குனாங்க? விடியக்காலம் பெரட்டுல (வேலைக்கு ஆள் பிரிக்கிற எடத்துல), பொழுது சாஞ்சா லயத்து வாசல்ல, ஆளுங்க இருக்கிற எடத்துக்குப் போயி படிச்சுக் காட்டுனாங்க. டிக்கோயா வார்லி கோயிலே 1878தான். அதுவும் வெள்ளைக்காரத் தொரைமாருக்குக் கட்டுனது.

கட்டார் அண்ணன், மாலை 7:50
அது அந்தக் காலம் தாத்தா.

டீச்சர் அக்கா, மாலை 8:02
அதுக்கும் முந்தின காலத்தச் சொல்லவா? பவுல் ரோமருக்கு எழுதுறப்ப பிரிஸ்கில்லா ஆக்கில்லா வீட்டுல கூடுற சபைக்கு வாழ்த்துச் சொல்லுறாரு (16:5). சிரியாவுல தூரா யூரோப்போஸ்னு ஒரு ஊரு. அங்க தோண்டுனப்ப ஏறக்குறைய கி.பி. 240ல சபையா மாத்துன ஒரு சாதாரண வீடு கெடச்சிருக்கு. ரெண்டு அறைக்கு நடுவுல இருந்த சுவர எடுத்து கூடுற எடமாக்கி, இன்னொரு அறையில ஞானஸ்நானத் தொட்டி கட்டியிருக்காங்க.

செயலாளர் மாமா, மாலை 8:05
நம்ம லயத்துல நடுச்சுவர ஒடச்சுப் பாருங்க, தொரை (தோட்ட மனேஜர்) வார்னிங் லெட்டர் தருவாரு 😄

கட்டார் அண்ணன், மாலை 8:14
சரி, லயத்துலயே வைக்கிறோம்னு வைங்க. பக்கத்து காம்பரா இந்து ஆளுங்க. மாரியம்மன் கோயில் ஸ்பீக்கர் ஒரு பக்கம், நம்ம பாட்டு ஒரு பக்கம். மதம் மாத்த வந்துட்டாங்கன்னு பிரச்சினை வராதா?

டீச்சர் அக்கா, மாலை 8:30
நல்ல கேள்வி அண்ணன். மண்ணு சரிஞ்ச ராத்திரி நம்ம பெரியம்மாவ முதுகுல தூக்கிட்டுப் போனது அந்த பக்கத்து காம்பரா பொடியன்தான், மறந்துடாதீங்க. கத்தோலிக்க குரு மைக்கல் ரொட்ரிகோன்னு ஒருத்தர். கண்டி அம்பிட்டிய குருமடத்துல படிப்பிச்சவரு. 1980ல எல்லாத்தையும் விட்டுட்டு புத்தலப் பக்கம் சிங்கள பௌத்த கிராமத்துக்குப் போயி மண்குடிசையில இருந்தாரு. ஆள் சேக்கப் போகல, அந்த சனங்களோட இருக்கத்தான் போனாரு. 1987 நவம்பர் 10, பூசை வச்ச எடத்துலயே சுட்டுக் கொன்னுட்டாங்க. சபைன்னா எனக்கு முதல்ல ஞாபகம் வர்றது அவரோட குடிசைதான்.

கட்டார் அண்ணன், மாலை 8:33
🙏

பெரியம்மா (மூணாம் நம்பர் லயம்), மாலை 8:47
🎤 குரல் பதிவு 0:38

பெரியம்மாவின் பேத்தி, மாலை 8:49
அம்மாயி சொல்லுறது: எங்க வச்சாலும் வருவாங்களாம். ஆனா கோயில் பொஸ்தகத்த பத்திரமா எடுங்கன்னு சொல்லுறாங்க. எங்க செத்துப்போன தாத்தாவுக்குப் பொறப்புப் பதிவே இல்லயாம், ஐடென்டி கார்டு எடுக்க ஞானஸ்நானப் பதிவத்தான் காட்டுனாங்களாம்.

உபதேசியார் தாத்தா, மாலை 8:55
ரொம்ப சரி. பிரஜாவுரிமை இல்லாம கெடந்த சனத்துக்கு அந்தப் பொஸ்தகம் ஒண்ணுதான் சாட்சி. சுவரு விழுந்தா திரும்பக் கட்டிக்கலாம், அது நனைஞ்சா போச்சு.

செயலாளர் மாமா, மாலை 9:01
அத அன்னைக்கே எடுத்து எங்கவீட்டு அலமாரில வச்சுட்டேன். பயப்பட வேணாம். இப்ப முடிவச் சொல்லுங்க.

டீச்சர் அக்கா, மாலை 9:09
கொழுந்து நிறுத்து முடிய ரெண்டு மணி. குளிச்சு வர மூணு. ஞாயிறு மூணு மணிக்குப் புள்ளைக்காம்பராவுல (வேலைக்குப் போறவங்க புள்ளைங்கள பாத்துக்கிற எடத்துல) வைப்போம். அது கீழ இருக்கு, பெரியம்மா படி ஏறத் தேவயில்ல. வேல செய்றவங்க பசியோட வருவாங்க, ஜெபம் முடிய எல்லாரும் ஒண்ணா சாப்புடுவோம். திருப்பணிக் காசுல கொஞ்சம் அதுக்கு எடுக்கலாமான்னு கட்டார் அண்ணன்தான் சொல்லணும்.

கட்டார் அண்ணன், மாலை 9:20
கூரைக்குன்னு குடுத்த காசு, தொடாதீங்க. சாப்பாட்டுக்கு நான் வேற அனுப்புறேன். ஆனா கோயில் திரும்பக் கட்டுறத விட்டுட மாட்டோம்னு எழுதித் தாங்க.

டீச்சர் அக்கா, மாலை 9:22
விட மாட்டோம் அண்ணன். ஆனா கட்டுனதுக்குப் பிறகும் மூணு மணிதான் 😊

செயலாளர் மாமா, மாலை 9:25
அது அப்ப பேசிக்கலாம். புள்ளைக்காம்பரா சாவிக்கு காலையில தொரைகிட்ட கேக்குறேன். காலை ஜெபத்த பின்நேரம் வச்சா என்ன ஒழுங்கு? திருவிருந்துக்கு ஃபாதர் வேணுமே, அவருகிட்ட யாரு போயி சொல்றது?

கொழும்புத் தம்பி, மாலை 9:26
மாமா, ஃபாதர் இந்த குரூப்லதான் இருக்காரு 🙈

ஃபாதர், மாலை 9:34
ஆறு மணிலருந்து வாசிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். பின்நேரம்னா மாலை ஜெப ஒழுங்கு இருக்கு, தாத்தாவே நடத்தலாம். எனக்கும் மூணு மணி நல்லது. காலையில மத்த ரெண்டு தோட்டத்தையும் முடிச்சிட்டு வந்தா பஸ்ஸுக்கு ஓடாம உங்களோட ஒக்காந்து சாப்புடலாம். செயலாளர் ஐயா, சாவி கெடச்சதும் கோல் பண்ணுங்க.