மரத்தவளைப் பெட்டிக்குச் செடியும் மண்ணுமா, வெறும் டிஷ்யூ தாளா?

இரவுவிழி:
அடுத்த மாதம் இரண்டு வைட்ஸ் மரத்தவளைக் குஞ்சுகள் வீட்டுக்கு வருகின்றன. காட்டில் பிடித்தவை இல்லை, வளர்ப்பவரிடமே முட்டையிலிருந்து வந்தவை. 45 செ.மீ அகலம், 45 ஆழம், 60 உயரம் உள்ள கண்ணாடிப் பெட்டி தயார், முன்பக்கம் திறக்கும், மேலே கம்பி வலை. அடியில் வடிகாலுக்குக் களிமண் உருண்டை, அதன் மேல் வலைத் துணி, அதற்கும் மேல் தேங்காய்நார்த் தூள் கலந்த மண், காய்ந்த இலை, செடிகள், கழிவைத் தின்ன ஸ்பிரிங்டெயில், ஐசோபாட் என்னும் மண்ணில் வாழும் குட்டிப் பூச்சிகள் என்று திட்டம் போட்டிருக்கிறேன். ஆனால் தவளையைக் கொடுப்பவர், "அதெல்லாம் வேண்டாம், டிஷ்யூ தாளை விரித்து ஒரு தண்ணீர்க் கிண்ணம் வையுங்கள், போதும்" என்கிறார். பதினைந்து வருடத்துக்கு மேல் வாழக்கூடிய உயிரை ஒரு மொட்டைப் பெட்டியில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. உங்கள் கருத்து என்ன?

ஈரமண்:
உங்கள் திட்டம்தான் சரி. மண் உயிரோடு இருந்தால் பெட்டி தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும். எச்சத்தை ஐசோபாட் சிதைக்கும், பூஞ்சையை ஸ்பிரிங்டெயில் தின்னும், மிச்சத்தைச் செடியின் வேர் எடுத்துக்கொள்ளும். டிஷ்யூ தாளில் தவளை சிறுநீர் கழித்தால் அது அங்கேயே ஊறிக் கிடக்கும், அதிலுள்ள யூரியாவை பாக்டீரியா அம்மோனியாவாக மாற்றும். தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை, அடிவயிற்றுத் தோல் வழியாகத்தான் உறிஞ்சுகிறது. நனைந்த தாளில் உட்கார்ந்தால் அந்த அழுக்கும் சேர்ந்தே உடம்புக்குள் போகும். இது தெரிந்த பிறகும் தாள் சுத்தம் என்று எப்படிச் சொல்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

வெறுந்தளம்:
தாளைத் தினமும் மாற்றினால் அம்மோனியா எங்கிருந்து வரும்? மாற்றாமல் விட்டவரின் தவறைத் தாளின் மேல் போடாதீர்கள்.

இரவுவிழி, அந்த வளர்ப்பாளர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். புதிதாக வரும் தவளைக்கு என்ன நோய் இருக்கிறது என்று பார்த்ததும் யாராலும் சொல்ல முடியாது. அது ஒழுங்காகச் சாப்பிடுகிறதா, எச்சம் கெட்டியாக இருக்கிறதா, புழு வருகிறதா, எல்லாமே வெள்ளைத் தாளில்தான் கண்ணுக்குத் தெரியும். மண்ணும் இலையும் நிறைந்த பெட்டியில் எச்சம் எங்கே விழுந்தது என்று தேடுவதற்குள் அதை ஐசோபாட் தின்று முடித்திருக்கும். ஈரமண் நல்ல விஷயமாகச் சொன்ன அதே வேலைதான் இங்கே இடைஞ்சல். வயிற்றில் புழு உள்ள தவளை மண்ணில் எச்சமிட்டால் அந்த மண்ணிலிருந்தே மறுபடி மறுபடி புழு ஏறும், மருந்து கொடுத்தும் பயன் இருக்காது.

இன்னொன்று கைட்ரிட் பூஞ்சை. தவளைத் தோலைத் தாக்கும் இந்தப் பூஞ்சைக்கு 1999-இல்தான் பெயர் வைத்தார்கள். 2019-இல் வந்த ஆய்வொன்று, இதனால் குறைந்தது 501 நீர்நில வாழ் இனங்கள் சரிந்துவிட்டன, அதில் 90 அழிந்தே போயிருக்கலாம் என்றது. வீட்டில் பிறந்த தவளை என்பதால் மட்டும் இது இருக்காது என்று நம்பக் கூடாது. தோலில் பஞ்சு தடவி பிசிஆர் சோதனைக்கு அனுப்பி முடிவு வரும்வரை, தூக்கி எறியவும் கொதிநீரில் கழுவவும் முடிகிற பொருட்கள் மட்டுமே பெட்டிக்குள் இருக்க வேண்டும். குறைந்தது ஒரு மாதம், முடிந்தால் மூன்று மாதம்.

ஈரமண்:
முதல் சில வாரத் தனிமைக்குத் தாள் என்றால் நான் சண்டைக்கே வர மாட்டேன். ஆனால் பலர் தனிமை முடிந்த பிறகும் அதையே தொடர்கிறார்கள், நான் எதிர்ப்பது அதைத்தான். நான்கு பக்கமும் கண்ணாடி, மறைய இலை இல்லை, பகலில் ஒட்டிக்கொண்டு தூங்க மரப்பட்டை இல்லை என்றால் தவளை பயத்திலேயே இருக்கும். பயந்த தவளை சாப்பிடாது, எதிர்ப்புச் சக்தியும் குறையும். நோயைத் தடுக்க என்று சொல்லியே நோய்க்கு வழி செய்துவிடுகிறோம்.

வெறுந்தளம்:
தாள் என்றாலே மொட்டைப் பெட்டி என்று யார் சொன்னது? தாளின் மேல் தொட்டியோடு மணி பிளாண்ட் வைக்கலாம், கார்க் மரப்பட்டையைச் சாய்த்து வைக்கலாம், துணி இலை தொங்கவிடலாம். எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் கழுவலாம். நான் கேட்பது அவ்வளவுதான்.

வைட்ஸ் மரத்தவளை சின்ன உயிரும் இல்லை. நன்றாக வளர்ந்த பெண் தவளை 10 செ.மீ வரை போகும், அது போடும் எச்சமும் அதற்கேற்ற அளவில்தான் இருக்கும். விரல்நுனி அளவு நச்சுத் தவளைகளை வைத்திருப்பவர்கள் "மண்ணே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும்" என்று சொன்னால் நம்பலாம், இரண்டு பெரிய வைட்ஸ் போடும் எச்சத்துக்கு முன்னால் அந்தக் குட்டிப் பூச்சிகள் பாவம். உயிர்மண் பெட்டியானாலும் எச்சத்தைக் கையால் எடுக்கத்தான் வேண்டும். அதைச் சொல்லாமல் விட்டால் புதியவர்கள் ஏமாந்து போவார்கள்.

கிளைநுனி:
இரண்டு பேரும் தரையைப் பற்றியே பேசுகிறீர்கள். மரத்தவளை தரையில் வாழ்வதில்லை! அது இரவு முழுக்க ஏறி இறங்குவதும் பகல் முழுக்க ஒட்டிக்கொண்டு தூங்குவதும் மேல் பாதியில். அங்கே என்ன வைக்கிறீர்கள் என்று யாராவது கேட்டீர்களா?

உயரம் முதலில், அது 60 இருக்கிறது, சரி. அதில் தவளையின் உடம்பைவிடத் தடிமனான கிளைகள் வேண்டும், நேராகவும் சாய்வாகவும் குறுக்காகவும், அசையாமல் கட்டியபடி. வைட்ஸ் எடை கூடிய தவளை, குதித்து இறங்கும்போது கிளை சரிந்தால் கண்ணாடியில் போய் மோதும். மெல்லிய தண்டுள்ள செடிகள் இதன் கீழே நிற்காது, ஒரே மாதத்தில் மிதித்துச் சாய்த்துவிடும். மணி பிளாண்ட், பாம்புக் கற்றாழை, தடித்த இலை பிலோடென்ட்ரான் போன்றவைதான் தாக்குப்பிடிக்கும். கடையில் வாங்கிய செடியில் பூச்சிமருந்து இருக்கும். பழைய மண்ணை முழுக்க உதறி, இலையைக் கழுவி, சில வாரம் வெளியே வைத்த பிறகுதான் உள்ளே விட வேண்டும். தவளைத் தோல் எதையும் வடிகட்டாது.

அதைவிட முக்கியம் காற்று. மரத்தவளை என்றதும் மழைக்காடு என்று நினைத்து, மேல் வலையை பிளாஸ்டிக் தாளால் மூடி, நாளுக்கு நான்கு முறை தண்ணீர் தெளித்து, கண்ணாடி முழுக்க எப்போதும் நீர்த்துளியோடு வைக்கிறார்கள். வைட்ஸ் ஆஸ்திரேலியாவின் வடக்கிலும் கிழக்கிலும், நியூ கினியின் தெற்கிலும் வாழ்வது. அங்கே பல இடங்களில் வருடத்தில் நீண்ட வறண்ட காலம் உண்டு. தோலின் மேல் மெழுகு மாதிரி ஒரு பூச்சு இருப்பதால் மற்ற தவளைகள் தாங்காத வறட்சியையும் இது தாங்கும். ஈரப்பதம் 50 முதல் 70 சதவீதம், மாலையில் நன்றாகத் தெளித்தால் ஏறும், மறுநாள் மதியத்துக்குள் இலையும் கண்ணாடியும் காய வேண்டும். காயவில்லை என்றால் காற்று போதவில்லை என்று அர்த்தம். எப்போதும் நனைந்து, காற்று அசையாத பெட்டியில் பாக்டீரியா பெருகித் தோல் புண்ணாகும், தாளிலும் ஆகும், உயிர்மண்ணிலும் ஆகும்.

ஈரமண்:
கிளை பற்றிச் சொன்னது அத்தனையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "மதியத்துக்குள் காய வேண்டும்" என்பதை எல்லாத் தவளைக்கும் பொதுவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மத்திய அமெரிக்காவின் செங்கண் மரத்தவளையை வைத்திருப்பவர் இதைப் படித்து அப்படியே செய்தால் வம்பு, அதற்கு ஈரம் கூடவே வேண்டும். மேலும் ஸ்பிரிங்டெயில் வாழ மண்ணுக்குள் ஈரம் வேண்டும். மேலே காய்ந்து கீழே ஈரமாக இருக்க வேண்டும் என்றால் ஆழமான மண்ணும் வடிகால் அடுக்கும் இருந்தால்தான் நடக்கும், டிஷ்யூ தாளில் நடக்காது. நீங்கள் கேட்கும் காற்றோட்டத்துக்கு உயிர்மண்தான் பொருத்தம், இதை நீங்களே கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

கிளைநுனி:
யோசித்தேன், நியாயம்தான். இனத்தைப் பொறுத்து அளவு மாறும் என்பதும் சரி. ஈரப்பதமானி இல்லாமல் கண்ணால் பார்த்து முடிவு செய்ய வேண்டாம், மேலே ஒன்று கீழே ஒன்று வைத்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

இரவுவிழி:
நன்றி. மூன்று சின்னக் கேள்வி. குழாய்த் தண்ணீரை ஒரு இரவு திறந்து வைத்துவிட்டுப் பயன்படுத்தலாமா? சூடேற்ற அடியில் ஒட்டும் வெப்பத் தாள் சரியா? இரவில் விழிக்கும் தவளைக்கு யூவிபி என்கிற புற ஊதா விளக்கு தேவையா?

வெறுந்தளம்:
தண்ணீர்: குளோரின் மட்டும் கலந்திருந்தால் திறந்து வைத்தால் போய்விடும். குளோரமின் கலந்திருந்தால் போகாது, கொதிக்க வைத்தாலும் எளிதில் போகாது, மீன் தொட்டிக்குப் போடும் நீர்ச் சீராக்கி வேண்டும். உங்கள் குழாயில் எது என்று தெரியாவிட்டால் சீராக்கி போட்டே பயன்படுத்துங்கள். கிண்ணம் தவளை உடம்பை நனைத்து உட்காரும் அளவு அகலமாக, ஆனால் ஆழம் குறைவாக. தினமும் மாற்றுங்கள், பெரும்பாலும் அதில்தான் எச்சமிடும்.

சூடு: அடியில் வேண்டாம். மண் சூடாகும், வேர் கருகும், மேலே இருக்கும் தவளைக்கு அதனால் பயனும் இல்லை. பக்கச் சுவரின் வெளியே ஒட்டி தெர்மோஸ்டாட்டோடு இணையுங்கள், அல்லது வலைக்கு மேலே வெளிச்சம் தராத வெப்ப விளக்கு. பகலில் மேலே 26 முதல் 28 டிகிரி செல்சியஸ், இரவில் 20-க்கு மேல் இருந்தால் நிம்மதி.

யூவிபி: தேவையில்லை என்பது என் கருத்து. இரவில் விழிக்கும் பிராணி, வைட்டமின் டி3 கலந்த கால்சியம் பொடியைக் கிரிக்கெட் பூச்சியில் தூவிக் கொடுத்தால் எலும்பு நன்றாகவே வளரும். விளக்கில்லாமல் பல தலைமுறை வளர்த்தவர்கள் இருக்கிறார்கள்.

கிளைநுனி:
இங்கே உங்களோடு நேரெதிராக நிற்கிறேன். இரவில் விழிக்கும் என்பதற்காகப் பகலில் குகைக்குள் இருக்கிறது என்று அர்த்தமில்லை. இலை மேல் ஒட்டித் தூங்கும்போது அதன் மேல் பகல் வெளிச்சம் விழுகிறது. டி3-யை வாய்வழியாகக் கொடுத்தால் கூடவும் குறையவும் வாய்ப்புண்டு, அதிகமானால் நஞ்சு. யூவிபி பட்டுத் தோலிலேயே டி3 உருவாகும்போது உடம்பு தேவைக்கு மேல் சேர விடாது. பொடியை எத்தனை பேர் சரியான அளவில் தூவுகிறார்கள்? தூவிய பொடியைப் பூச்சி உதறிவிடுகிறது, பூச்சி தண்ணீரில் விழுந்தால் கழுவிப் போய்விடுகிறது. தாடை மென்மையாகி, முதுகு வளைந்து, கால் இழுத்து நடக்கும் குஞ்சுத் தவளைப் படங்களை எத்தனை பார்த்துவிட்டோம். அதைத் தடுக்க இரண்டு வழி இருக்கும்போது ஒன்றை ஏன் ஒதுக்க வேண்டும்?

குறைந்த வலுவுள்ள குழல் விளக்கு போதும். மேல்கிளையில் யூவி குறியீடு 1-ஐ ஒட்டி இருக்க வேண்டும், அதிகம் வேண்டாம், பாலைவனப் பல்லிக்கான விளக்கு கூடவே கூடாது. கண்ணாடி வழியாக யூவிபி வராது, கம்பி வலையும் கணிசமாகக் குறைத்துவிடும், அதையும் கணக்கில் எடுங்கள். பெட்டியின் பாதியில் அடர்ந்த இலை நிழல் இருக்க வேண்டும், வேண்டாம் என்றால் தவளை விலகிப் போகட்டும். பொடியையும் நிறுத்த வேண்டாம், வைட்டமின் ஏ உள்ள பொடியும் அவ்வப்போது வேண்டும், அது குறைந்தால் நாக்கு ஒட்டாமல் இரையைத் தவறவிடும்.

வெறுந்தளம்:
குஞ்சுகளுக்கு என்றால் விளக்கு வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. வளர்ந்த தவளைக்குக் கட்டாயம் என்பதை ஏற்க மாட்டேன்.

பச்சைவால்:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். 60 செ.மீ உயரப் பெட்டியில் இடம் நிறைய இருக்கிறதே, இரண்டு வைட்ஸோடு ஒரு செங்கண் தவளையும் விட்டால் பார்க்க அழகாக இருக்காதா?

ஈரமண்:
வேண்டாம்! வைட்ஸ் வாய்க்குள் அடங்கும் எதையும் விழுங்கப் பார்க்கும், செங்கண் தவளை அதன் பாதி அளவுதான். ஈரம் பற்றி மேலே இவ்வளவு பேசினோம், இரண்டுக்கும் ஒத்துப்போகாது. ஒவ்வொரு இனத்தின் தோல் சுரப்பும் வேறு, ஒன்றின் மேலுள்ள கிருமியை மற்றது தாங்காது.

வெறுந்தளம்:
ஈரமண் சொன்னதை வரிக்கு வரி ஆமோதிக்கிறேன். ஒரே இனத்திலும் அளவு வித்தியாசம் பெரிதானால் பிரித்து வைக்க வேண்டும்.

இரவுவிழி:
சரி, இப்படிச் செய்கிறேன். குஞ்சுகள் வந்ததும் ஒரு சின்ன எளிய பெட்டியில் தாள், கார்க் பட்டை, தொட்டியோடு மணி பிளாண்ட். சோதனை முடிவும் எச்சப் பரிசோதனையும் வரும்வரை அங்கேதான். இதற்கிடையில் பெரிய பெட்டியில் மண் போட்டு, செடி நட்டு, பூச்சிகளை விட்டு வளர விடுகிறேன்.

ஈரமண்:
அருமை. செடி வேர் பிடிக்கவும் பூச்சி பெருகவும் ஆறு வாரமாவது ஆகும், அதனால் இன்றே தொடங்குங்கள். குஞ்சுக்குச் சின்னப் பெட்டி இன்னொரு வகையிலும் நல்லது, பெரிய இடத்தில் இரையைத் தேடிக் கண்டுபிடிக்கத் திணறும்.

வெறுந்தளம்:
ஒரு விஷயம் விட்டுப்போனது. தனிமைப் பெட்டியின் கழிவுத் தண்ணீரையோ தாளையோ தோட்டத்திலோ ஓடையிலோ போடாதீர்கள். தண்ணீரில் ப்ளீச் கலந்து வைத்திருந்து பிறகு கழிவறையில் ஊற்றுங்கள், தாளை மூடிய பையில் போடுங்கள். நம் வீட்டுத் தவளையிடம் இருப்பது வெளியே உள்ள தவளைக்குப் போகக் கூடாது. கையுறையும் துடைப்பானும் இரண்டு பெட்டிக்கும் தனித்தனி. பெரிய பெட்டிக்கு மாற்றிய பிறகும் வாரம் ஒருமுறை ஒரு தவளையையாவது எடை பாருங்கள், கண்ணுக்கு மேலே கொழுப்பு மடிப்பு கண்ணை மறைக்கத் தொடங்கினால் தீனியைக் குறையுங்கள்.

கிளைநுனி:
ஒன்றை மட்டும் பார்த்தால் எப்படி, இரண்டையும் எடை பாருங்கள். வலுவானது தின்று கொழுக்கும், மற்றது அதனாலேயே மெலியும். கிளைகளைக் கட்டி முடித்ததும் படம் போடுங்கள், மண் போடும் முன்பே. அப்புறம் மாற்றுவது கஷ்டம்.