மன்னித்துவிட்டால் வழக்கையும் விட்டுவிட வேண்டுமா?

உப்புக்கல்:
எங்கள் சபை மூப்பர் ஒருவரிடம் கணக்கு எழுதும் வேலை பார்த்தேன். பணம் குறைவதை முதலில் எடுத்துச் சொன்னது நான்தான். கடைசியில் திருடியதே நான் என்று சொல்லி, பாக்கிச் சம்பளமும் தராமல் அனுப்பிவிட்டார். எடுத்தது அவருடைய உறவுக்காரர் என்று சபையில் பாதிப் பேருக்குத் தெரியும். பாஸ்டரிடம் போனால், "மன்னித்துவிடுங்கள் சிஸ்டர், பழிவாங்குதல் கர்த்தருக்குரியது" என்கிறார். ஆராதனையில் அந்த மனிதர் முன்வரிசையில் கைதூக்கிப் பாடும்போது எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. வழக்குப் போடலாமா? இந்தக் கோபத்தோடு திருவிருந்து எடுக்கலாமா? வசனத்தோடு பேசுங்கள். ஆறுதல் ஏற்கெனவே நிறையக் கிடைத்துவிட்டது.

மலைப்பிரசங்கம்:
சிஸ்டர், நடந்தது அநியாயம்தான். ஆனால் வழக்கு? பவுல் கொரிந்து சபைக்கு எழுதியது இதே நிலைமைக்கு. "ஏன் அநியாயத்தைச் சகித்துக்கொள்ளுகிறதில்லை? ஏன் நஷ்டத்தைப் பொறுத்துக்கொள்ளுகிறதில்லை?" (1 கொரி. 6:7). இதைவிட நேராக எப்படிச் சொல்வது? "மனுஷருடைய கோபம் தேவனுடைய நீதியை நடப்பிக்கமாட்டாதே" என்கிறார் யாக்கோபு (1:20). அவரவர் கோபம் அவரவருக்கு நியாயம்தான். தங்கைக்கு நடந்த கொடுமைக்காகக் கொதித்த சிமியோனும் லேவியும், ஒருவன் செய்ததற்கு ஊர் ஆண்களையெல்லாம் வெட்டினார்கள். அவர்கள் தகப்பனான யாக்கோபு சாகும்போதும் அந்தக் கோபத்தைச் சபித்துவிட்டுத்தான் செத்தான்.

பழைய ஏற்பாட்டுக்காரன்:
பிரதர், ஏழாம் வசனத்தை எடுத்தவர் ஐந்தாம் வசனத்தை ஏன் விட்டீர்கள்? சகோதரருக்குள் வழக்குத் தீர்க்க விவேகி ஒருவன்கூட இல்லையா என்று பவுல் வெட்கப்படுத்துவது சபையை. உட்கார்ந்து விசாரிக்க மறுத்த சபைக்கு, ஏழாம் வசனத்தை மட்டும் பறிகொடுத்தவர் கையில் திணிக்க என்ன உரிமை? நீங்கள் காட்டிய யாக்கோபின் நிருபத்திலேயே 5:4 இருக்கிறது. அநியாயமாய்ப் பிடித்துவைத்த கூலி அங்கே கூக்குரலிடுகிறது. அது சேனைகளுடைய கர்த்தரின் செவியில் படுகிறது. இங்கே பேச்சும் கூலியைப் பற்றித்தானே?

கோபம் கூடாது என்று சொல்லிவிட்டு நீதியையும் கொடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2 சாமுவேல் 13 போதும். தாவீது ராஜாவின் மகள் தாமாரை, வேறொரு மனைவியிடம் அவனுக்குப் பிறந்த அம்னோன் கெடுத்தான். அவளுடைய கூடப்பிறந்த அண்ணன் அப்சலோம் அவளிடம் சொன்னது: நீ மவுனமாயிரு, அவன் உன் சகோதரன். தாவீது கேள்விப்பட்டு வெகு கோபமானான். அவ்வளவுதான். தகப்பனும் அவன், ராஜாவும் அவன், நியாயம் விசாரிக்க வேண்டியவனும் அவன். விசாரணை மட்டும் இல்லை. இரண்டு வருஷம் அப்சலோம் அம்னோனோடு நன்மையும் பேசவில்லை, தீமையும் பேசவில்லை. பிறகு ஆட்டுமயிர் கத்தரிக்கிற விருந்துக்கு அழைத்துக் கொன்றான். அதோடும் நிற்கவில்லை. பட்டணவாசலில் நின்று, வழக்கோடு வருகிறவர்களிடம், உன் காரியம் நேர்மையானதுதான், விசாரிக்கத்தான் ராஜாவிடத்தில் ஆள் இல்லை என்று சொல்லிச் சொல்லியே ஜனங்களைத் தன் பக்கம் இழுத்தான். அந்தப் பேச்சு ஏன் எடுபட்டது? அதில் உண்மை இருந்தது. தாமார்? தமையன் வீட்டில் தனித்துக் கிடந்தாள் என்று ஒரு வரி. அதற்குப் பிறகு அவள் என்ன ஆனாள் என்ற பேச்சே இல்லை.

மலைப்பிரசங்கம்:
அப்சலோம் என் கட்சிக்குத்தான் சாட்சி. ஆரம்பத்தில் அவன் கோபத்தைவிட நியாயமான கோபம் உண்டா? அதே கோபம்தான் அவனைக் கொலைகாரனாக்கி, தகப்பனையே துரத்தவைத்து, கர்வாலி மரத்தில் தொங்கவிட்டது. சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக எரிச்சல் தணியட்டும் என்று எபேசியருக்கு எழுதினது சும்மா இல்லை. அடுத்த வசனமே பிசாசுக்கு இடங்கொடாதிருங்கள் என்கிறது. வழக்கு என்றால் சூரியன் எத்தனை தடவை அஸ்தமிக்கும்!

சந்தேகத் தோமா:
உங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு வார்த்தை. நான் சபைக்குப் போவதை விட்டவன், ஆகவே தைரியமாகச் சொல்லலாம். "பழிவாங்குதல் எனக்குரியது" என்பதை நான் கேட்ட இடமெல்லாம், அடித்தவனுக்கு வசதியான இடம்தான். அடித்தவனிடம் போய், உனக்கு ஒரு கணக்கு வரப்போகிறது என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சிக் காலக் கொடுமைகளைப் பற்றி 1996-ல் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் பேராயர் டெஸ்மண்ட் டுட்டு தலைமையில் விசாரணையைத் தொடங்கியது. உலகமே மெச்சியது. பொதுமன்னிப்புக் கேட்டவன் உண்மையை முழுதாகச் சொல்ல வேண்டும்; வருத்தப்பட வேண்டும் என்றுகூடச் சட்டத்தில் இல்லை. போலீஸ் காவலில் 1977-ல் செத்த கறுப்பின உரிமைப் போராளி ஸ்டீவ் பிக்கோவின் குடும்பம் இந்த ஏற்பாட்டையே எதிர்த்து அரசியல் சாசன நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. அவர்களுக்கு விசுவாசம் குறைவு என்பீர்களா?

பழைய ஏற்பாட்டுக்காரன்:
என்னமாட்டேன். ஆனால் கதையை முடியுங்கள் தோமா. அந்தப் போலீஸ்காரர்களுக்கு 1999-ல் ஆணையமே பொதுமன்னிப்பை மறுத்தது. அங்கேகூட உண்மைதான் முதல் நிபந்தனை. இந்தச் சிஸ்டர் விஷயத்தில் உண்மையைச் சொல்லும்படி மூப்பரை யார் கேட்டார்கள்?

சந்தேகத் தோமா:
மறுத்தது சரி. அதற்குப் பிறகு கொலை வழக்கு யார் மேலாவது நடந்ததா? இல்லை. நிபந்தனை நன்றாகத்தான் இருந்தது.

திருப்புகழ்:
நான் கத்தோலிக்கன், கொஞ்சம் வேறு பக்கம் போகிறேன். சாபச் சங்கீதங்களை யாருமே சொல்லவில்லையே? இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு வேளைதோறும் சொல்லும் எங்கள் ஜெபப் புத்தகமான திருப்புகழ்மாலையைத் திருத்தியபோது 58, 83, 109 ஆகிய மூன்று சங்கீதங்களையும் எடுத்தேவிட்டார்கள், ஜெபிக்கிறவர் மனதுக்கு இடறலாக இருக்கும் என்று. எனக்கு அதில் சம்மதமில்லை. 109-ல் எதிராளியின் பிள்ளைகள் திக்கற்றவர்களாகட்டும் என்று வேண்டுகிறான். பயங்கரம்தான். ஆனால் அவன் அதை எதிராளியின் வாசலில் போய்ச் சொல்லவில்லை, கடவுளிடம் சொல்கிறான். உப்புக்கல், வாரம் முழுவதும் அடக்கிவைத்து ஞாயிறு அன்று எரிவதைவிட, கதவைச் சாத்திக்கொண்டு 109-ஐ உரக்கப் படியுங்கள். அதற்குப் பிறகு வக்கீலிடம் பேசினால் பேச்சு தெளிவாக வரும்.

மலைப்பிரசங்கம்:
ஜெபம் வரை சரி. ஆனால் இயேசு? வையப்படும்போது பதில்வையாமல், நியாயமாய்த் தீர்ப்புச்செய்கிறவருக்குத் தம்மை ஒப்புவித்தார் என்கிறார் பேதுரு (1 பேதுரு 2:23).

பழைய ஏற்பாட்டுக்காரன்:
பிரதான ஆசாரியன் வீட்டில் சேவகன் அறைந்தபோது அவர் மறு கன்னத்தைக் காட்டவில்லையே. தகாததைப் பேசியிருந்தால் அதை ஒப்புவி, தகுதியாய்ப் பேசியிருந்தால் என்னை ஏன் அடிக்கிறாய் என்று கேட்டார் (யோவான் 18:23). திருப்பி அடிக்கவில்லை, கேள்வியை விடவும் இல்லை. பிலிப்பி பட்டணத்தில் பவுலை விசாரணையில்லாமல் அடித்துச் சிறையில் போட்டுவிட்டு இரகசியமாய் அனுப்பப் பார்த்தார்கள். அதிகாரிகளே வந்து வெளியே அழைத்துவிடட்டும் என்று பவுல் நின்றான். பிறகு தன் வழக்கை ரோமப் பேரரசனே விசாரிக்கட்டும் என்று இராயனுக்கு அபயமிட்டவனும் அவன்தான்.

பாஸ்டர் சொன்ன ரோமர் 12:19-க்கு வருகிறேன். நீங்கள் பழிவாங்காதேயுங்கள் என்றவர், அதிகாரம் மாறியதும் 13:4-ல், தீமைசெய்கிறவன்மேல் கோபாக்கினை வரப்பண்ணுகிற தேவஊழியக்காரன் யார் என்று சொல்கிறார்: அதிகாரத்தில் இருக்கிறவன். பன்னிரண்டு, பதின்மூன்று என்று அதிகாரங்களாகப் பிரித்தது பவுல் அல்ல. தொடர்ந்து படித்தால், கர்த்தர் பதிற்செய்கிற வழிகளில் நியாயஸ்தலமும் ஒன்று. அங்கே போகிறவள் கர்த்தரின் வேலையைப் பிடுங்கிக்கொள்வதாக எப்படி ஆகும்?

திருவிருந்து பற்றிக் கேட்டீர்கள். மத்தேயு 5:23-ல் காணிக்கையை வைத்துவிட்டுப் போகச் சொல்வது யாரை? சகோதரனுக்குத் தன்பேரில் குறை உண்டென்று நினைவுக்கு வருகிறவனை. இங்கே அது முன்வரிசையில் பாடுகிறவர்.

மலைப்பிரசங்கம்:
மாற்கு 11:25-ஐயும் சேர்த்துப் படியுங்கள். ஒருவன்பேரில் உங்களுக்குக் குறை உண்டானால், ஜெபிக்க நிற்கும்போதே மன்னியுங்கள் என்கிறது. அது இவருக்கு. அவர் மனந்திரும்பும்வரை காத்திரு என்று அங்கே இல்லை.

உப்புக்கல்:
மன்னிக்கிறேன் என்று வாயால் சொல்ல முடிகிறது. முன்வரிசையைப் பார்த்ததும் போய்விடுகிறது. இப்போதைக்கு மத்தேயு 18-ன்படி போகிறேன். தனியாகக் கேட்டாகிவிட்டது. அடுத்து, கணக்கைத் தெரிந்த இரண்டு பேரோடு. பிறகு எழுத்தில் சபைக்கு. சபை உட்காராவிட்டால் பாக்கிச் சம்பளத்துக்கு வழக்கு.

மலைப்பிரசங்கம்:
இந்த வரிசைக்கு நான் எதிர்ப்பில்லை. கூலி கேட்பது வேறு. மானநஷ்டத்துக்கும் சேர்த்துப் போடுவீர்களானால், அங்கே நான் இன்னும் எதிர்ப்புத்தான்.

உப்புக்கல்:
மானநஷ்டத்தை நான் யோசிக்கவே இல்லை, பிரதர். நீங்கள் சொன்ன பிறகு யோசிக்கிறேன்.