பதிவு மூப்புக்காகக் காத்திருந்த ஆண்டுகள்: வேலைவாய்ப்பு அலுவலக அனுபவங்கள்

காத்திருந்தவர்:

நான் வணிகவியல் பட்டம் பெற்றது 2003ஆம் ஆண்டு. முன்னால் பதிந்தவரையே அரசு வேலைக்கு முதலில் அழைப்பார்கள் என்று, சான்றிதழ் கைக்கு வந்த மறுநாளே அப்பா என்னை மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு அழைத்துச் சென்று வரிசையில் நிறுத்தினார். பதிவு எண்ணுடன் கொடுத்த அட்டையை பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, வீட்டுப் பத்திரம் இருந்த தகரப் பெட்டியிலேயே வைத்தார். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும் என்பதால், ஒவ்வொரு புத்தாண்டிலும் புதிய நாட்காட்டியின் கடைசித் தாளில் அந்த மாதத்தை எழுதி வைப்பதையும் அவரே தம் பொறுப்பாக எடுத்துக்கொண்டார்.

2006இல் தனியார் நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் எனக்கு வேலை கிடைத்தது. சேரும் நாளுக்கு முன்தினம் வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர், "பி.எஃப். பிடித்தால் அரசாங்கத்துக்குத் தெரிந்துவிடும், பதிவை எடுத்துவிடுவார்கள்" என்றார். அது உண்மைதானா என்று எங்கள் வீட்டில் யாரும் அலுவலகத்துக்குப் போய்க் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த வேலையை விட்டுவிட்டு, சம்பளப் பட்டியல் என்ற ஒன்றே இல்லாத சித்தப்பாவின் கடையில் கணக்கு எழுதப் போனேன்.

அப்பா 2017இல் காலமானார். அடுத்த ஆண்டு வந்த புதுப்பித்தலை நான் மறந்தேன். நாட்காட்டியில் எழுதி வைக்க ஆள் இல்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து நினைவு வந்து ஓடியபோது, சாளரத்தில் இருந்தவர் கணினித் திரையைப் பார்த்துவிட்டு, பதிவு காலாவதியாகிவிட்டது, புதிதாகத்தான் பதிய வேண்டும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். பிறகு அரசு அறிவித்த சிறப்புப் புதுப்பித்தல் சலுகையில் பழைய மூப்புடன் பதிவு திரும்பக் கிடைத்தது. அன்றுதான், பின்னால் வரிசை இல்லாத துணிச்சலில், தனியார் வேலைக்குப் போனால் பதிவு ரத்தாகுமா என்று கேட்டேன். அவர் தலையைக்கூட நிமிர்த்தாமல் அறிவிப்புப் பலகையைக் காட்டினார். தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம் பற்றிய அறிவிப்பின் கடைசி வரியில், தனியார் துறையில் பணியமர்த்தப்படுவதால் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு ரத்து செய்யப்படாது என்று அச்சிட்டிருந்தது. அதை நான்கு முறை படித்தேன்.

இந்த அலுவலகத்துக்குப் பதிவுக்காக மட்டுமல்லாமல் வேறு எதற்காகவேனும் சென்று பயன் பெற்றவர்கள், அல்லது ஏமாந்தவர்கள், தங்கள் அனுபவத்தை எழுத வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற உதவியாளர்:

நண்பரே, அந்தச் சாளரத்துக்கு உட்புறம் இருபது ஆண்டுகளுக்கு மேல் உட்கார்ந்திருந்தவன் நான். உங்கள் உறவினர் சொன்ன வதந்தி எங்களுக்கும் தெரியும். அது எங்கள் வாசலில் நின்ற வரிசையிலேயே வளர்ந்தது. அதை மறுத்துப் பேச எங்களுக்கு நேரமில்லை என்பதைச் சாக்காகச் சொல்லலாம். ஆனால் கேட்காதவருக்கு நாங்களாக எதையும் சொல்லும் வழக்கம் இல்லை என்பதே உண்மை.

நான் பணியில் சேர்ந்த காலத்தில், வேலைக்குக் காத்திருப்போரின் பதிவுகளைக் கொண்ட உயிர்ப்பதிவேடு என்பது மர இழுப்பறைகளில் நெருக்கி அடுக்கிய அட்டைகள்தான். தொழிற்குறியீட்டின்படி பிரித்து, ஒவ்வொரு குறியீட்டுக்குள்ளும் பதிவு நாளின்படி அடுக்கியிருப்போம். ஒரு துறையிலிருந்து காலிப்பணியிட அறிவிப்பு வந்தால், முன்னுரிமைப் பிரிவினரின் அட்டைகளை முதலில் எடுப்போம். ஆதரவற்ற விதவையர், முன்னாள் படைவீரர், கலப்புத் திருமணம் செய்தவர் போன்றோர் அப்பிரிவில் வருவர். அதன் பின்னரே மற்றவர்களின் அட்டைகளை மூப்பு வரிசையில் எடுத்துப் பட்டியல் அனுப்புவோம். மதிப்பெண் பட்டியல் வழங்கும் வாரங்களில் வரிசை சாலை வரை நீளும். இப்போது பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்குப் பள்ளியிலேயே இணையவழியில் பதிந்து, அந்தக் குறிப்பிட்ட நாட்களுக்குள் பதிந்த அனைவருக்கும் ஒரே மூப்பு நாளைக் கொடுத்துவிடுவதால் அந்தக் காட்சி மறைந்துவிட்டது.

இந்த அலுவலகங்கள் உங்களையும் என்னையும் நினைத்துத் தொடங்கப்பட்டவை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், 1945இல், படையிலிருந்து விடுவிக்கப்பட்ட வீரர்களுக்கு வேலை தேடித் தருவதற்காக இவை ஏற்பட்டன. பிரிவினைக்குப் பின் அகதிகளுக்கும், 1948 முதல் வேலை தேடுவோர் அனைவருக்கும் திறந்துவிடப்பட்டன. 1959ஆம் ஆண்டுச் சட்டம், அரசுத் துறை நிறுவனங்களும், 25 பேருக்குக் குறையாமல் பணிபுரியும் தனியார் நிறுவனங்களும் தம் காலிப்பணியிடங்களை எங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. ஆனால் எங்கள் பட்டியலிலிருந்துதான் ஆளை எடுக்க வேண்டும் என்று அதே சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. மக்கள் முன்பாதியை மட்டும் மனத்தில் இருத்திக்கொண்டார்கள். 1996இல் உச்ச நீதிமன்றம், பட்டியலோடு நின்றுவிடாமல் செய்தித்தாள் போன்ற வழிகளிலும் அறிவித்து, விண்ணப்பிப்பவர் அனைவரையும் பரிசீலிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்த பிறகு மூப்பின் எடை குறையத் தொடங்கியது. டி.என்.பி.எஸ்.சி. தேர்வு எழுதி நிரப்பப்படும் பணியிடங்களுக்கு உங்கள் 2003 பதிவும் ஒன்றுதான், நேற்றைய பதிவும் ஒன்றுதான்.

இன்னொன்று. அழைப்புக் கடிதங்கள் "முகவரியில் இல்லை" என்ற குறிப்புடன் கட்டுக்கட்டாகத் திரும்பி வருவதைப் பார்த்திருக்கிறேன். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தவறாமல் புதுப்பித்தவர்களே, வீடு மாறியதைத் தெரிவிக்காமல் விட்டிருப்பார்கள். ஒருவருடைய கடிதம் மூன்று முறை திரும்பியது. நான்காவது முறை அவரே புதுப்பிக்க வந்தபோது, கோப்பிலிருந்து அம்மூன்றையும் எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அவர் எதுவும் பேசவில்லை. மூன்றையும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

கம்பியாள்:

மேலே எழுதிய ஐயா, கேட்காதவருக்குச் சொல்லும் வழக்கம் இல்லை என்கிறார். எனக்குக் கேட்காமலேயே ஒருவர் சொன்னார், அதனால் எழுதுகிறேன்.

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். கட்டடங்களில் மின்கம்பி இழுக்கும் வேலையில் பதினைந்து ஆண்டுகள் கைவேலைக்காரனாகவே இருந்தேன். 34 வயதில், முகவரி மாற்றுவதற்காக அந்த அலுவலகத்துக்குப் போனபோது, விண்ணப்பத்தை வாங்கிய அம்மையார், என் விரல்களில் இருந்த கம்பி வெட்டுகளைப் பார்த்துவிட்டு, என்ன வேலை செய்கிறீர்கள், சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில் (ஐ.டி.ஐ.) ஆண்கள் 40 வயது வரை சேரலாம், பெண்களுக்கு உச்ச வயது வரம்பே கிடையாது, கம்பியாள் பிரிவு இரண்டு ஆண்டு, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார். வேலைவாய்ப்பு அலுவலகமும் ஐ.டி.ஐ.யும் ஒரே துறையின் கீழ் வருபவை என்பதே அன்றுவரை எனக்குத் தெரியாது.

வீட்டில் சம்மதம் வாங்குவது எளிதாக இருக்கவில்லை. மாலையிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் பழைய வேலையைத் தொடர்ந்தேன். வகுப்பில் பெரும்பாலோர் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள். முதல் வாரம் என்னை ஆசிரியர் என்று எண்ணி எழுந்து நின்றார்கள், பிறகு "அண்ணே" என்றார்கள். செய்முறையில் அவர்கள் என்னிடம் கேட்பார்கள். ஓம் விதிக் கணக்கில் நான் அவர்களிடம் கேட்பேன். பதினைந்து ஆண்டுகளாக நில இணைப்புக் கம்பியை (எர்த்) போட்டுக்கொண்டே இருந்தவனுக்கு, அதை ஏன் போடுகிறோம் என்பது அங்கேதான் விளங்கியது. சொல்லவே கூச்சமாக இருக்கிறது. முடித்த பின் பெரிய தொழிற்சாலை ஒன்றில் தொழில் பழகுநராக ஓராண்டு இருந்து, இப்போது ஒரு மருத்துவமனையின் மின் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன்.

அந்த அம்மையாரைப் பார்க்க இனிப்புடன் சென்றேன். வேறு மாவட்டத்துக்கு மாற்றலாகிப் போய்விட்டார் என்றார்கள்.

தட்டச்சர்:

எங்கள் மாவட்ட அலுவலகத்தின் மாடியில் இயங்கும் தன்னார்வப் பயிலும் வட்டத்தைப் பற்றி யாரும் எழுதாதது எனக்கு வியப்பாக இருக்கிறது. ஆதார் நகலும் புகைப்படமும் கொடுத்துச் சேர்ந்தேன். கட்டணம் எதுவும் இல்லை. குறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். மின்விசிறி மூன்றில் ஒன்றுதான் சுற்றும். நூலகப் புத்தகங்களில் பழைய வினாத்தாள் பக்கங்களை யாரோ பிளேடால் நேர்த்தியாக அறுத்து எடுத்துச் சென்றிருந்தார்கள். சில வாரங்கள் வகுப்பெடுப்பவர் வரவே மாட்டார்.

ஆனால் 2022 டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்கு முந்தைய மாதங்களில் அங்கே நடந்த மாதிரித் தேர்வுகளுக்கு ஈடாக எதையும் நான் கண்டதில்லை. மூன்று மணி நேரத்தில் 200 வினாக்கள் என்பது வீட்டில் உட்கார்ந்து படிக்கும்போது வெறும் எண்ணாகவே இருக்கும். விடைத்தாளில் உள்ள வட்டத்தைக் கருமை மைப் பேனாவால் நிரப்பவும், விடை தெரியாவிட்டால் காலியாக விடாமல் ஐந்தாவது வட்டமான 'E'-யை நிரப்பவும் எங்கள் பயிற்றுநர் கடிகாரத்தை மேசைமேல் வைத்துப் பழக்கினார். தமிழ்ப் பகுதியில் 40 விழுக்காடு எடுக்காதவரின் மற்ற விடைகளைத் திருத்தவே மாட்டார்கள் என்பதால், ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரையுள்ள பள்ளித் தமிழ்ப் புத்தகங்களைத்தான் திரும்பத் திரும்பப் படிக்க வைத்தார். அந்த முறை என் தரவரிசை எட்டவில்லை. அடுத்த அறிவிக்கையில் தட்டச்சராகத் தேர்வானேன். எங்கள் வகுப்பில் என்னைவிட நன்றாகப் படித்த மூவர் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

உதவித்தொகை பெற்றவர்:

சுருக்கமாக எழுதுகிறேன். பதிந்து ஐந்து ஆண்டுகள் காத்திருந்தவருக்கு வேலையில்லாதோர் உதவித்தொகை உண்டு என்பதை ஆறாம் ஆண்டில்தான் அறிந்தேன். குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். பட்டதாரிக்கு மாதம் 600, பன்னிரண்டாம் வகுப்புக்கு 400, பத்தாம் வகுப்புக்கு 300 ரூபாய் என்று மூன்று மாதங்களுக்கு ஒருமுறை வங்கிக் கணக்கில் வரவு வைத்தார்கள். அதிகபட்சம் மூன்று ஆண்டுகள். மாற்றுத்திறனாளிகளுக்கு ஓராண்டுக் காத்திருப்பு போதும், தொகையும் கூடுதல், பத்து ஆண்டுகள் வரை கிடைக்கும். பொறியியல் போன்ற தொழிற்படிப்புப் பட்டதாரிகளுக்கு இது பொருந்தாது. உதவித்தொகை வாங்கினால் பதிவு ரத்தாகிவிடும் என்று எங்கள் பகுதியிலும் ஒரு வதந்தி உண்டு, ஆகாது. மூன்றாம் ஆண்டு சுய உறுதிமொழி ஆவணத்தை உரிய காலத்தில் கொடுக்கத் தவறியதால் எனக்குப் பணம் நின்றது. தவறு என்னுடையதுதான். காலாண்டுக்கு வந்த 1,800 ரூபாயில் தேர்வுக் கட்டணங்களும் நேர்காணலுக்கான பேருந்துச் செலவும் போயின, அதற்குமேல் அதில் எதுவும் இல்லை.

காத்திருந்தவர்:

எழுதிய அனைவருக்கும் நன்றி. இதைத் தொடங்கிவிட்டு நான் சும்மா இருக்கவில்லை. வெள்ளிக்கிழமை நடந்த தனியார் துறை வேலைவாய்ப்பு முகாமுக்குத் தன்விவரக் குறிப்பின் ஐந்து நகல்களுடன் போய் வந்தேன். வந்திருந்த நிறுவனங்களில் பெரும்பாலானவை விற்பனைப் பிரிவுக்கு இளைஞர்களைத்தான் தேடின. இரண்டு மேசைகளில் என் வயதைக் கேட்டதும் தாளைப் பணிவோடு திருப்பிக் கொடுத்தார்கள். கடைசி மேசையில், உதிரிபாகங்கள் விற்கும் நிறுவனம் ஒன்று, டேலியும் ஜி.எஸ்.டி. கணக்கும் தெரிந்த, அடிக்கடி வேலை மாறாத ஆள் வேண்டும் என்றது. ஒரே கடையில் பல ஆண்டுகள் கணக்கு எழுதியதைச் சொன்னேன். அதை அவர் தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டார்.

சென்ற திங்கட்கிழமை சேர்ந்தேன். சேரும்போது நிரப்பக் கொடுத்த படிவத்தில், இதற்கு முன் பி.எஃப். கணக்கு இருந்ததா என்று ஒரு கட்டம் இருந்தது. சற்று நேரம் பேனாவைப் பிடித்தபடி இருந்துவிட்டு, "இல்லை" என்று எழுதினேன்.