முளாரபா (லாபத்தைப் பங்கிடும் இஸ்லாமியக் கூட்டுத்தொழில்) கணக்கு தெரிந்தவர்கள் உதவுங்கள்

நண்பர்களுக்கு வணக்கம். எம்.ஏ. ஆய்வுக் கட்டுரைக்காக 14ஆம் நூற்றாண்டு அரபு அறிஞர் இப்னு கல்தூனையும் பொருளியலாளர் ஆடம் ஸ்மித்தையும் சேர்த்து வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஓரிடத்தில் சிக்கி நிற்கிறேன்.

1377இல் எழுதிய முகத்திமா என்ற நூலில் இப்னு கல்தூன் ஒரு கோதுமைக் கணக்கு சொல்கிறார். தனி ஆளால் தன் வயிற்றுக்கான கோதுமையைக்கூட விளைவிக்க முடியாது. கொல்லர், தச்சர், ஏர் ஓட்டுபவர், அறுப்பவர் என ஆறோ பத்தோ பேர் சேர்ந்தால், அவர்களைவிடப் பல மடங்கு பேருக்கு உணவு கிடைக்கும். இதே வேலைப் பிரிவினைக்கு ஸ்மித் 1776இல் சொன்ன குண்டூசிப் பட்டறை எல்லாருக்கும் தெரியும்: பத்துப் பேர், நாளுக்கு 48,000 குண்டூசி. நான்கு நூற்றாண்டு முந்தியவரைப் பற்றி என் பாடப்புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை. மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

சரி, என் சிக்கல் வட்டியில்தான். ஸ்மித் வட்டிக்கு உச்சவரம்பு கேட்டவர். வட்டி மிக உயர்ந்தால் கடன் ஊதாரிகள் கைக்குப் போய்விடும் என்று பயந்தார். அன்றைய இங்கிலாந்தின் 5 சதவீத வரம்பு அவருக்குச் சரியாகப் பட்டது. இஸ்லாமியப் பொருளியலோ வட்டியை அடியோடு விலக்குகிறது. முளாரபாவில் ஒருவர் முதல் போடுவார், மற்றவர் உழைப்பார்; லாபத்தை முன்பே பேசிய விகிதத்தில் பிரிப்பார்கள். நட்டம் வந்தால் முதல் போட்டவர் பணத்தை இழப்பார், உழைத்தவருக்கு உழைப்பு வீண்.

இப்படி உண்மையிலேயே தொழில் நடத்தியவர்கள் இங்கே இருக்கிறீர்களா? லாபக் கணக்கை எப்படிச் சரிபார்த்தீர்கள், நட்டம் வந்தபோது அது உழைத்தவரின் கவனக்குறைவா இல்லையா என்று எப்படி முடிவுசெய்தீர்கள்? அப்புறம், முகத்திமாவின் பொருளியல் பகுதிகளுக்கு நல்ல தமிழ் மொழிபெயர்ப்பு இருந்தால் அதையும் சொல்லுங்கள்.