இருதயம் நின்று மீண்ட பிறகு: மரணத்தைப் பற்றி வீட்டாரிடம் எப்படிப் பேசுவது?

வெள்ளவத்தை ஆசிரியை:

வணக்கம். எனக்கு 64 வயது. கடந்த மாசி மாதம் மாரடைப்பு வந்து வைத்தியசாலையில் இருந்தபோது, என் இருதயம் சில நிமிடங்கள் நின்றுபோனதாகவும் மின்னதிர்ச்சி கொடுத்து மீட்டதாகவும் வைத்தியர்கள் பின்னர் கூறினார்கள். அந்த நேரத்தில் நான் ஊரில் எங்கள் கிணற்றடியில் நின்றேன். இருபது வருடங்களுக்கு முன் காலமான அம்மா துலாக்கொடியைப் பிடித்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தார். பட்டையிலிருந்து சிந்திய தண்ணீர் என் பாதத்தில் பட்ட குளிர் இன்றும் நினைவிருக்கிறது. அம்மா எதுவும் பேசாமல், போ என்பதுபோலத் தலையை மட்டும் அசைத்தார். பிறகு விலா எலும்பு வலியுடன் கண் விழித்தேன்.

அன்றிலிருந்து எனக்குச் சாவுப் பயம் இல்லை. செய்ய வேண்டியவற்றை இப்போதே ஒழுங்குபடுத்த விரும்புகிறேன். ஆனால் வாய் திறந்தாலே, "அபசகுனமாகக் கதைக்காதீங்கோ அம்மா" என்று மகள் அழுகிறாள். மருமகனோ எல்லாம் மருந்து மயக்கம் என்கிறார். நான் கண்டது மூளைக் குழப்பந்தானா? இவர்களிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது?

கொட்டாஞ்சேனைத் தாதி (ஓய்வு):

ரீச்சர், இருதய நோய் விடுதியில் நீண்டகாலம் பணிபுரிந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். தீவிர சிகிச்சைப் பிரிவில் மனம் குழம்புபவர்கள் குழாய்களைப் பிடுங்குவார்கள், சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்வார்கள். அந்த நினைவு பெரும்பாலும் சிதறிப்போய்விடும். நீங்கள் சொல்வது தொடக்கமும் முடிவும் உள்ள தெளிவான நினைவு. நெதர்லாந்தில் இருதயம் நின்று மீட்கப்பட்ட 344 பேரைப் பிம் வான் லொம்மெல் என்ற இருதய நோய் நிபுணரின் குழுவினர் ஆராய்ந்து, 2001ஆம் ஆண்டில் 'லான்செட்' இதழில் எழுதினார்கள். அவர்களில் 62 பேர், அதாவது 18 வீதமானோர், இத்தகைய அனுபவத்தைக் கூறினர். கொடுக்கப்பட்ட மருந்துக்கும் அனுபவத்துக்கும் அவர்கள் தொடர்பு எதையும் காணவில்லை என்பதை மருமகனிடம் சொல்லுங்கள். அதற்காக மறுவுலகம் நிரூபணமாகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். இருதயம் நின்ற எலிகளின் மூளையில் சில விநாடிகளுக்கு ஒழுங்கான மின்செயற்பாடு கூடியதை மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் 2013இல் பதிவுசெய்தார்கள். ஆகவே இது மூளையின் செயலாகவும் இருக்கலாம்.

ஒருமுறை ஒரு முதியவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தான் கண்டதைச் சொல்லத் தொடங்கினார். வேலை அவசரத்தில், "பிறகு கதைப்போம் ஐயா" என்றேன். மறுநாள் அந்தக் கட்டிலில் புதிய விரிப்புப் போட்டிருந்தது. அதனால்தான் கேட்கிறேன்: சொத்து விடயத்தைப் பிறகு வைத்துக்கொண்டு, முதலில் கிணற்றடியை மகளுக்குச் சொல்லுங்கள்.

தெகிவளை மகன்:

அம்மா, உங்கள் மகளின் இடத்தில் இருந்தவன் நான். அப்பா பேச்செடுத்தபோதெல்லாம் தடுத்தேன். அவர் திடீரென்று காலமானபோது, பொரளைக் கனத்தை மயானத்தில் தகனம் செய்வதா ஊருக்குக் கொண்டுபோவதா என்று கனடாவிலிருந்த அண்ணனும் நானும் மலர்ச்சாலை வாசலில் தொலைபேசியில் சண்டை பிடித்தோம். அப்பா எதை விரும்பினார் என்று இருவருக்குமே தெரியாது; அந்தியேட்டிவரை நாங்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மரணசாசனம் (உயில்) எழுதுவதானால், 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச்சட்டப்படி நொத்தாரிசு ஒருவரும் இரண்டு சாட்சிகளும் முன்னிலையில் இருக்க வேண்டும். நொத்தாரிசு இல்லையென்றால் ஐந்து சாட்சிகள் தேவை. வங்கிக் கணக்குகளுக்குப் பின்னுரித்தாளரை, அதாவது உங்களுக்குப் பின் பணத்தைப் பெறுபவரை, நியமித்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். கண்தானம் செய்யும் எண்ணமிருந்தால் வீட்டாருக்குக் கட்டாயம் சொல்லிவையுங்கள். 1961இல் ஹட்சன் சில்வா தொடக்கிய கண்தானச் சங்கம் கொழும்பிலேயே இருக்கிறது. ஆனால் உயிர் பிரிந்து சில மணி நேரத்துக்குள் கண்களை எடுக்க வேண்டியிருப்பதால், அழுதுகொண்டிருக்கும் வீட்டில் யாராவது ஒருவர் நினைவாக அவர்களை அழைக்க வேண்டும்.

வெள்ளவத்தை ஆசிரியை:

இருவருக்கும் நன்றி. நேற்று மாலை மகளும் நானும் முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தபோது கிணற்றடியைச் சொன்னேன். அவள் தடுக்கவில்லை. நெடுநேரம் இலையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அம்மம்மா என்ன நிறச் சேலை உடுத்திருந்தா?" என்று கேட்டாள். நீலம் என்றேன். அதன் பிறகுதான், எனக்குக் கனத்தையே போதும், ஊருக்குக் கொண்டுபோய் அலைய வேண்டாம் என்பதையும் சொல்ல முடிந்தது. புதன்கிழமை நொத்தாரிசிடம் போகும்போது அவளும் கூட வருகிறாள்.